ஏசினால் கொழுந்து கூடுமா?

கேள்வி: தலவாக்கலைப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் உதவி முகாமையாளராக இருக்கிறேன். லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில்) பிறந்து வளர்ந்தவன். அம்மா கொழுந்து எடுத்துத்தான் என்னைப் படிக்க வைத்தார். எனக்குக் கீழே ஒரு கணக்கப்பிள்ளையும் மலையில் ஆட்களை மேற்பார்வை செய்யும் நான்கு கங்காணிமாரும் இருக்கிறார்கள். போன வருடம் கம்பனி எங்களை நுவரெலியாவில் ஒரு ஹோட்டலுக்குக் கூப்பிட்டு இரண்டு நாள் தலைமைத்துவப் பயிற்சி கொடுத்தது. "ஆட்களை ஏசாதீர்கள், பாராட்டுங்கள்" என்றார்கள். வந்து செய்து பார்த்தேன். பாராட்டிய மறுநாள் எடுக்கும் கொழுந்தின் கிலோ குறைகிறது. ஏசிய மறுநாள் கூடுகிறது. கண்ணால் கண்ட உண்மை இது. பெரிய துரையும் (தோட்ட முகாமையாளர்) "பயிற்சியெல்லாம் ஹோட்டலோடு சரி, மலையில் சத்தம் போட்டால்தான் வேலை நடக்கும்" என்கிறார். இப்போது என் அம்மா வயதுப் பெண்களைப் பார்த்து நானும் சத்தம் போடுகிறேன். வீட்டுக்குப் போனால் சாப்பாடு இறங்குவதில்லை. மாதக் கூட்டத்துக்குப் பிந்தி வரும் உத்தியோகத்தர்களுக்குத் தண்டம் போடுவது பற்றியும், கங்காணிமாருக்குக் கிலோ கணக்கில் ஊக்கத்தொகை கொடுப்பது பற்றியும் பேச்சு நடக்கிறது. நடத்தை அறிவியல் என்கிறார்களே, அது எங்கள் தோட்டத்துக்கு உண்மையிலேயே உதவுமா? (பெயர் வெளியிட வேண்டாம்.)

பதில்: அன்புள்ள தம்பி,

உதவும். ஆனால் முதலில் நீங்கள் கண்ணால் கண்டதைப் பற்றிப் பேசவேண்டும். மற்ற எல்லாம் அதில்தான் தொங்கிக்கொண்டிருக்கிறது.

நீங்கள் கண்டது பொய் இல்லை. ஏசிய மறுநாள் கிலோ கூடியது உண்மைதான். பாராட்டிய மறுநாள் குறைந்ததும் உண்மைதான். கூடியதற்கு ஏச்சு காரணமா என்பதுதான் கேள்வி. இதே குழப்பம் உங்களுக்கு முன்னால் விமானப்படைக்காரர்களுக்கே வந்திருக்கிறது. 1960களில் டானியல் கானமன் என்ற உளவியலாளர் இஸ்ரேல் விமானப்படையின் பறப்புப் பயிற்றுநர்களுக்கு வகுப்பு எடுத்தார். தண்டிப்பதைவிடப் பாராட்டுவதால்தான் ஆட்கள் நன்றாகக் கற்றுக்கொள்கிறார்கள் என்று அவர் சொல்ல, அனுபவமுள்ள ஒரு பயிற்றுநர் எழுந்து மறுத்தார். விமானத்தை அழகாகத் திருப்பிய பையனைப் பாராட்டினால் அடுத்த முறை சொதப்புகிறான், மோசமாகச் செய்தவனைக் கத்தினால் அடுத்த முறை நன்றாகச் செய்கிறான், அதனால் பாராட்டு உதவாது என்றார். உங்கள் கடிதத்தில் இருப்பதும் அதே வாதம்தான்.

கானமன் அங்கேயே ஒரு சோதனை செய்து காட்டினார். தரையில் ஒரு குறி போட்டு, ஒவ்வொருவரும் அதற்கு முதுகைக் காட்டி நின்று, பார்க்காமல் இரண்டு தடவை நாணயம் எறியவேண்டும். முதல் தடவை குறிக்குக் கிட்ட எறிந்தவர்களில் பெரும்பாலோர் இரண்டாம் தடவை தூரப் போனார்கள். முதலில் தூர எறிந்தவர்கள் பெரும்பாலும் கிட்ட வந்தார்கள். யாரும் யாரையும் ஏசவில்லை, பாராட்டவும் இல்லை. கானமனுக்குப் பிற்காலத்தில், 2002இல், பொருளியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது. அந்த வகுப்பில் தெரிந்த விஷயத்தைத் தன் வாழ்நாளின் பெரிய மகிழ்ச்சிகளில் ஒன்றாக அவர் நினைத்திருந்தார்.

இதை மலைக்குக் கொண்டுவந்து பாருங்கள். ஒரு அக்கா ஒரு நாளில் எடுக்கும் கொழுந்தில் அவருடைய கைவேகம் ஒரு பங்குதான். அந்த மலை கவ்வாத்து வெட்டி எத்தனை வருடம், போன சுற்று எடுத்து எத்தனை நாள், காலையில் பனிமூட்டம் எப்போது விலகியது, அவருக்குக் கிடைத்த நிறை (செடி வரிசை) சரிவிலா சமதரையிலா, இரவு பிள்ளைக்குக் காய்ச்சலா, இவையெல்லாம் மீதிப் பங்கு. வழக்கமாக 18 கிலோ எடுப்பவர் ஒரு நாள் 12 கிலோவோடு மடுவத்துக்கு (கொழுந்து நிறுக்கும் கொட்டகைக்கு) வருகிறார் என்று வையுங்கள். அன்றைக்கு அநேகமாகக் கெட்டது பலவும் ஒன்றாகச் சேர்ந்திருக்கும். அடுத்த நாளும் அத்தனையும் சேர்ந்து வருவது அபூர்வம். ஆகவே மறுநாள் கிலோ கூடத்தான் செய்யும். நீங்கள் ஏசினாலும் கூடும், லீவில் வீட்டில் படுத்திருந்தாலும் கூடும். 25 கிலோ எடுத்த நாளுக்கும் இதே கணக்குத்தான். நல்லது எல்லாம் சேர்ந்த நாள் அது, மறுநாள் இறங்கும்.

நீங்கள் ஏசுவது எப்போது? மிக மோசமான நாளில். பாராட்டுவது எப்போது? மிக நல்ல நாளில். அதனால் ஏச்சுக்குச் சேராத நல்ல பெயர் ஏச்சுக்குப் போகிறது, பாராட்டு செய்யாத குற்றம் பாராட்டின் தலையில் விழுகிறது. எந்தக் கெட்ட எண்ணமும் இல்லாத ஒரு முகாமையாளரை இருபது, முப்பது வருடம் ஏசவைக்க இது ஒன்றே போதும். உங்கள் பெரிய துரை பொய் சொல்லவில்லை, தம்பி. அவர் அனுபவம் அவருக்கு அப்படித்தான் காட்டியிருக்கிறது.

என் பேச்சை நம்பவேண்டாம், செக்ரோலை (ஆள் வரவும் கிலோவும் பதியும் புத்தகத்தை) எடுங்கள். உங்கள் டிவிஷனில் கடந்த மூன்று மாதத்தில் ஒருவருடைய கிலோ வழக்கத்தைவிட நன்றாகக் குறைந்த நாட்களைக் குறியுங்கள். பக்கத்தில் மறுநாள் கிலோவை எழுதுங்கள். பிறகு அந்த நாட்களில் நீங்கள் மலையில் இருந்தவை எவை, லீவிலோ கொழும்பு கூட்டத்திலோ இருந்தவை எவை என்று பிரியுங்கள். கங்காணிமாரில் அதிகம் சத்தம் போடாத ஒருவர் இருப்பார் இல்லையா, அவருடைய ஆட்களையும் தனியாகப் பாருங்கள். இரண்டு பக்கமும் கிலோ ஒரே மாதிரி ஏறியிருந்தால் உங்கள் கேள்விக்குப் பதில் உங்கள் கையெழுத்திலேயே கிடைத்துவிடும். ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலைதான். எந்தப் பயிற்சிப் பட்டறையைவிடவும் இது உங்களுக்குச் சொல்லும்.

ஆட்கள் மீது நாம் போடும் குற்றத்தில் எவ்வளவு பங்கு நிலைமைக்குச் சேரவேண்டியது என்பதற்கு நம் நாட்டிலேயே பெரிய உதாரணம் இருக்கிறது. 2021இல் இரசாயன உரத்தைத் தடை செய்தார்கள். அந்த வருடம் சுமார் 30 கோடி கிலோவாக இருந்த இலங்கைத் தேயிலை உற்பத்தி 2022இல் சுமார் 25 கோடியாக விழுந்தது. செடியில் கொழுந்து இல்லை. அப்படிப்பட்ட காலத்திலும் நோர்ம் கிலோ (ஒரு நாளைக்கு எடுக்கவேண்டிய அளவு) எடுக்காதவருக்கு அரைப்பேர் (அரைநாள் கூலி) போடுவதும், "கை நகரவில்லை" என்று ஏசுவதும் நடக்கத்தான் செய்தன. அடுத்தவர் தவறும்போது அவருடைய குணத்தையும், நாம் தவறும்போது நம் சூழ்நிலையையும் காரணமாகச் சொல்வது மனித இயல்பு. உளவியலில் இது நன்றாக ஆராயப்பட்ட விஷயம். மேலே ஏறஏற இந்தப் பழக்கத்தால் வரும் சேதமும் கூடும், ஏனென்றால் மேலே இருப்பவரின் தீர்ப்பைத் திருத்த ஆள் இல்லை.

இப்போது இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. சில கம்பனிகள் தோட்டங்களின் தினக் கிலோவை வாட்ஸ்அப் குழுவில் போட்டு வரிசைப்படுத்துகின்றன. உங்கள் தோட்டம் ஒரு நாள் கீழே இறங்கினால் பெரிய துரைக்குப் போன் வரும், அவர் உங்களை அழைப்பார், நீங்கள் கங்காணியைப் பிடிப்பீர்கள், அவர் நிறையில் நிற்கும் பெண்ணிடம் போவார். அந்தப் பெண்ணுக்குக் கீழே யாரும் இல்லை. மறுநாள் பனி விலகிக் கிலோ ஏறும். சங்கிலியில் இருக்கும் எல்லோரும் தங்கள் சத்தம் வேலை செய்தது என்றே நம்புவார்கள்.

"சரி, ஏசினால் பலன் இல்லை என்றாலும் நட்டமும் இல்லையே" என்று யாராவது சொல்லலாம். நட்டம் இருக்கிறது. கிலோவைப் பார்க்கும் கண்ணுக்கு அது தெரியாது, அவ்வளவுதான்.

குளவியை எடுத்துக்கொள்ளுங்கள். தோட்டத்தில் குளவிக்கொட்டு எவ்வளவு பெரிய விஷயம் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. உயிர் போயிருக்கிறது. ஒரு மலையில் கூடு இருப்பதைக் காலையில் முதலில் பார்ப்பவர் கொழுந்து எடுக்கும் பெண்தான். அவர் கங்காணியிடம் சொல்லவேண்டும், கங்காணி உங்களிடம் சொல்லவேண்டும், நீங்கள் ஆட்களை வேறு மலைக்கு மாற்றவேண்டும். மாற்றினால் அன்றைய கிலோ குறையும். குறைந்த கிலோவுக்கு ஏச்சு விழும் என்று தெரிந்த கங்காணி என்ன செய்வார்? "அந்தப் பக்கம் போகாமல் எடுங்கள்" என்று சொல்லிவிட்டு நகர்வார்.

ஏமி எட்மண்ட்சன் என்ற ஆய்வாளர் 1990களில் அமெரிக்க வைத்தியசாலைகளில் மருந்து கொடுப்பதில் நடக்கும் தவறுகளை ஆராய்ந்தார். நன்றாக நடத்தப்படும் பிரிவுகளில் தவறு குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். பதிவில் அங்கேதான் தவறு அதிகம். போய் விசாரித்தபோது தெரிந்தது, அந்தப் பிரிவுகளில் தாதியர் பயமில்லாமல் தவறைச் சொன்னார்கள், மற்ற இடங்களில் மறைத்தார்கள். உங்கள் டிவிஷனில் கெட்ட செய்தியே வருவதில்லை என்றால் சந்தோஷப்படாதீர்கள். குளவிக்கூடு, உடைந்த பாலம், காலில் வெட்டு, முற்றிய இலை என்று தினம் ஏதாவது ஒன்று உங்கள் காதுக்கு வந்தாகவேண்டும். அப்படி வந்து சொல்லும் கங்காணிக்கு நீங்கள் சொல்லும் முதல் வார்த்தை "சொன்னது நல்லது" என்று இருக்கட்டும். கிலோவை அப்புறம் பேசலாம்.

ஹோட்டல் பயிற்சி ஏன் ஒட்டவில்லை என்று பார்ப்போம். அங்கே சொன்னது பிழையில்லை. ஆனால் "ஏசாதீர்கள், பாராட்டுங்கள்" என்பது எந்த இடத்தில், எந்த நேரத்தில், என்ன சொல்லி என்று இல்லாத அறிவுரை. பெரட்டில் (வேலைக்கு ஆள் பிரிக்கும் இடத்தில்) காலைக் குளிரில் ஆள் குறைந்து நிற்கும்போது அது ஞாபகத்துக்கு வராது, பழகின சத்தம்தான் வாயில் வரும். ஜெர்மன் உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் இதற்கு எளிமையான ஒரு வழியை ஆராய்ந்தார். "நல்லபடி நடப்பேன்" என்று முடிவெடுக்காமல், "இது நடந்தால் இதைச் செய்வேன்" என்று இடத்தோடு கட்டி முடிவெடுப்பது. 94 சோதனைகளைச் சேர்த்து 2006இல் பார்த்தபோதும் இப்படி முடிவெடுத்தவர்கள் எண்ணியதைச் செய்து முடிப்பது தெளிவாகக் கூடியிருந்தது.

உங்களுக்கு நான் ஒன்றே ஒன்றுதான் தருவேன். ஒரே நேரத்தில் ஐந்தை மாற்றப் போனால் ஐந்தும் நிற்காது. "மடுவத்தில் யாருடைய கொழுந்தாவது வழக்கத்தைவிடக் குறைவாக இருந்தால், நான் முதலில் 'இன்றைக்கு என்ன நடந்தது அக்கா?' என்று கேட்டுப் பதில் முடியும்வரை பேசாமல் இருப்பேன்." இதைத் தாளில் எழுதிச் சட்டைப் பையில் வையுங்கள். கணக்கப்பிள்ளையிடம் வெளிப்படையாகச் சொல்லி, வாரக் கடைசியில் "எத்தனை இடத்தில் கேட்டேன், எத்தனை இடத்தில் கத்தினேன்" என்று அவரையே சொல்லச் சொல்லுங்கள். முதலில் அவர் சங்கடப்படுவார். துரையைப் பற்றித் துரையிடமே சொல்வது தோட்டத்தில் வழக்கமில்லாத காரியம். ஆனால் அவர் ஒரு தடவை உண்மையைச் சொல்லி, நீங்கள் முகம் கோணாமல் கேட்டுவிட்டால், கங்காணிமாரிடம் அவர் நடந்துகொள்ளும் விதமும் மாற ஆரம்பிக்கும். நாள் முழுக்க மலையில் கூட நிற்பவர்கள் அவர்கள்தான். கொழுந்து எடுப்பவர்களுக்கு நல்லதோ கெட்டதோ, அவர்கள் வழியாகத்தான் போய்ச் சேரும்.

அதே மடுவத்தில் இன்னொரு பழைய மனத்தாங்கல் இருக்கிறது: ஈரத்துக்கும் கூடைக்கும் என்று எடையில் கழிப்பது. கழிப்பதைவிட, ஏன் இவ்வளவு என்று யாரும் சொல்லாததுதான் மனதில் நின்று எரிகிறது. ஜெரால்ட் கிரீன்பெர்க் என்பவர் 1990இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. அமெரிக்காவில் ஒரு கம்பனி வருமானம் குறைந்ததால் இரண்டு தொழிற்சாலைகளில் பத்து வாரத்துக்குச் சம்பளத்தில் 15 வீதத்தைக் குறைத்தது. ஒன்றில் காரணத்தைக் கணக்கோடு விளக்கி, வருத்தம் தெரிவித்து, கேள்விகளுக்கும் பதில் சொன்னார்கள். மற்றதில் சுருக்கமாக அறிவித்துவிட்டுப் போனார்கள். இரண்டிலும் பொருட்கள் களவு போவது கூடியது, ஆனால் விளக்கம் கொடுக்காத இடத்தில் மிக அதிகம். மழை நாளில் எவ்வளவு கழிக்கிறோம், ஏன், வெயில் நாளில் எவ்வளவு என்று தமிழில் பெரிய எழுத்தில் எழுதி மடுவத்தில் ஒட்டுங்கள். தராசு முள், கொழுந்து எடுப்பவரின் கண்ணுக்குத் தெரியும்படி திரும்பியிருக்கட்டும். ஒன்று, அளவுக்கு மீறிக் கழித்துக்கொண்டிருந்தால் எந்த விளக்கமும் உதவாது, முதலில் அதை நிறுத்தவேண்டும்.

தண்டம் பற்றி அதிகம் சொல்லவேண்டியதில்லை. ஹைஃபா நகரத்துப் பகல்நேரப் பிள்ளைப் பராமரிப்பு நிலையங்களில் பிள்ளையைக் கூட்டிப்போகப் பிந்தி வரும் பெற்றோருக்குத் தண்டம் போட்டுப் பார்த்தார்கள். பிந்துவது கூடியது. காசு கட்டினால் பிந்தலாம் என்று ஆகிவிட்டது. தண்டத்தை எடுத்த பிறகும் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. கூட்டத்தைச் சொன்ன நேரத்தில் தொடங்கி, சொன்ன நேரத்தில் முடியுங்கள், போதும்.

ஊக்கத்தொகையில் மட்டும் அவசரப்படாதீர்கள். இந்தியாவில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் நடந்ததை ஜெயராமன், ரே, டி வெரிகூர் என்ற மூவர் ஆராய்ந்து 2016இல் வெளியிட்டார்கள். அங்கே அடிப்படைக் கூலி கூடியது, மேலதிகக் கிலோவுக்கான காசு குறைந்தது அல்லது அப்படியே இருந்தது. கணக்குப்படி உழைப்பு குறையவேண்டும். ஆனால் அடுத்த மாதம் கொழுந்து 20 முதல் 80 வீதம் வரை கூடியது. பிறகு வந்த மாதங்களில் அந்தக் கூடுதல் முழுதாகக் கரைந்துபோனது. முதல் மாதத்தோடு ஆய்வை நிறுத்தியிருந்தால் பெரிய வெற்றி என்று எழுதியிருப்பார்கள். கம்பனி எந்தத் திட்டம் கொண்டுவந்தாலும் குறைந்தது ஆறு மாதம் பார்க்காமல் தீர்ப்புச் சொல்லவேண்டாம் என்று கேளுங்கள். அதோடு, கங்காணிக்குக் கிலோவுக்கு மட்டும் காசு கொடுத்தால் கூடையில் முற்றிய இலையும் சேர்ந்து வரும், தொழிற்சாலையில் தேயிலை தயாரிப்பைப் பார்க்கும் டீ மேக்கர் உங்களைத் தேடி வருவார். கொடுக்கத்தான் வேண்டும் என்றால் இலையின் தரத்தையும் காயம் இல்லாத நாட்களையும் சேர்த்துக் கொடுங்கள்.

ஒன்றை நேராகச் சொல்லிவிடுகிறேன். கூலி போதாத இடத்தில் இனிய பேச்சு கூலிக்கு ஈடாகாது. மலையில் கழிப்பறை இல்லாத பெண்ணுக்கு, பிள்ளைக் காம்பராவில் (தோட்டத்துப் பிள்ளைப் பராமரிப்பு இடத்தில்) பிள்ளையை விட்டுவிட்டு ஓடிவரும் தாய்க்கு, உங்கள் நல்ல வார்த்தை மட்டும் கொடுத்து அதிகக் கிலோ எடுக்கவைப்பதுதான் நோக்கம் என்றால் இந்த அறிவியலைத் தொடாமல் விடுங்கள். உங்கள் கடிதத்தைப் படித்தால் அது உங்கள் நோக்கமாகத் தெரியவில்லை. சாப்பாடு இறங்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அதைப் பலவீனம் என்று யாரும் சொல்லக் கேட்டு நம்பிவிடாதீர்கள். உங்கள் தோட்டத்தில் யாரும் சேர்க்காத ஒரு கணக்கு உங்கள் உடம்பில் தெரிகிறது. முடிந்தால் அம்மாவிடம் கேளுங்கள், எந்தக் கங்காணிக்காக மனம் வைத்து எடுத்தார், ஏன் என்று. பயிற்சி கொடுத்தவர்களைவிட அவருக்கு உங்கள் மலையைத் தெரியும்.

பெரிய துரையிடம் வாதாடப் போகவேண்டாம். ஏசுவது தப்பு என்று சொன்னால் அவருடைய அத்தனை வருட வேலையையும் தப்பு என்று சொன்னதாகவே கேட்கும். செக்ரோலில் இருந்து எடுத்த தாளைக் காட்டி, "சேர், இந்தக் கணக்கு எனக்குப் புரியவில்லை, நீங்கள் பாருங்கள்" என்று கொடுங்கள். அனுமதியும் சின்னதாகக் கேளுங்கள்: உங்கள் டிவிஷனில் மட்டும், இரண்டு கங்காணிமாரின் ஆட்களோடு மட்டும், ஆறு மாதம். மற்ற இரண்டு கங்காணிமாரும் பழையபடியே இருக்கட்டும், ஒப்பிட ஆள் வேண்டும்.

எப்போது தொடங்குவது என்பதையும் யோசியுங்கள். உங்கள் பக்கத்தில் தை முதல் பங்குனி வரை வறட்சி, கொழுந்து குறைவு. சித்திரை, வைகாசியில் மழையோடு கொழுந்து பெருகும். பங்குனியில் தொடங்கினால் இரண்டு மாதத்தில் கிலோ ஏறும், "பார்த்தீர்களா, ஏசாமல் விட்டதால்தான்" என்று எல்லோரும் சொல்வார்கள். நீங்களும் சொல்ல ஆசைப்படுவீர்கள். அதுவும் ஏச்சுக்கு நற்பெயர் கொடுத்த அதே பிழைதான். நேற்றைய கிலோவோடு ஒப்பிடாமல், போன வருடம் அதே மாதத்தோடும், பழையபடி நடக்கும் அந்த இரண்டு கங்காணிமாரின் ஆட்களோடும் ஒப்பிடுங்கள். கிலோவுக்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு நிரல் போட்டுக்கொள்ளுங்கள்: எத்தனை பேர் வேலைக்கு வந்தார்கள், கங்காணிமார் தாமாக வந்து சொன்ன கெட்ட செய்தி எத்தனை. மாற்றம் வந்தால் இந்த இரண்டிலும்தான் முதலில் தெரியும் என்று நினைக்கிறேன். கிலோவுக்கு இன்னும் கொஞ்சம் பொறுக்கவேண்டியிருக்கும்.